பழைய மின்சாரக் கார் வாங்கும் முன் வீட்டு டிபி (மின் விநியோக) பெட்டியைத் திறந்து பாருங்கள்

தம்பி கேட்டிருப்பது இதுதான்: மலேசியாவில் சுங்கை சிப்புட்டின் பழைய தாமான் (குடியிருப்பு) ஒன்றில் ஒற்றை மாடி வரிசை வீடு. தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர 60 கிலோமீட்டர். வார இறுதியில் லிந்தாங் சாலைப் பக்கம் தோட்டத்திலேயே இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகணும். கண் வைத்திருப்பது 2019 நிசான் லீஃப் ஒன்று, 2023 பிஒய்டி அட்டோ 3 ஒன்று. நடுவில் மாமா ஒருவர் நெட்டா வி மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசை காட்டுகிறாராம். வீட்டுக் கரண்டு தாங்குமா, பேட்டரி போயிருக்குமா, பினாங்கு போய்வர முடியுமா, உண்மையிலேயே காசு மிஞ்சுமா? நான் செம்பனை ஆலையில் சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்), செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார்தான் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எந்த கார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பேட்டரி எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம். எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் காருக்கு புக்கிங் பணம் கட்டுகிறார்கள், காரைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்திய பிறகுதான் ஒயர்மேனைத் தேடுகிறார்கள்.

முதலில் காசு. கார் பேட்டரியை கிலோவாட் மணியில் சொல்வார்கள், அதுவும் தெனாகா (மின் நிறுவனம்) பில்லில் வரும் யூனிட்டும் ஒன்றுதான். லீஃபின் 40 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 40 யூனிட். நம் ஊர் வெயிலில் ஏர்கோன் போட்டுக்கொண்டு, செம்மோர் வழியாகச் சாதாரணமாக ஓட்டினால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு 225 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 250 யூனிட் இழுக்கும்.

இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். 2025 ஜூலையிலிருந்து வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை எல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். ஆனால் குறைவாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கழிவு (தள்ளுபடி) உண்டு, அது மொத்த யூனிட் ஏற ஏறச் சுருங்கும். அதுவும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் சுருங்காது, மாதம் முழுக்க ஓடிய எல்லா யூனிட்டுக்கும் சேர்த்தே சுருங்கும். உங்கள் வீட்டில் இப்போது 300 யூனிட் போகிறது என்றால் கழிவு யூனிட்டுக்கு 22.5 சென், பில் சுமார் 66 வெள்ளி (ரிங்கிட்). கார் வந்து 550 ஆனால் கழிவு 10.5 சென்னாக இறங்கிவிடும், பில் சுமார் 187 வெள்ளி, அதற்கு மேல் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. ஆக, காருக்கான உண்மைச் செலவு மாதம் 120 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே, யூனிட்டுக்கு 48 சென்னுக்கும் கூடுதல். 250ஐ 44 சென்னால் பெருக்கிப் பார்த்துத் திருப்திப்படுபவர்களுக்கு முதல் பில்லில் முகம் மாறும்.

அப்புறம் 600 யூனிட் என்ற கோட்டை ஞாபகம் வையுங்கள். அதைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் சேரும், 600க்கு மேல் போகும் பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி சேரும், எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் மாறும் சரிசெய்தல் தொகையும் உங்கள் பில்லில் உட்காரும். வீட்டில் இரண்டு ஏர்கோன் இரவு முழுக்க ஓடுகிறது என்றால் காரோடு சேர்ந்து நிச்சயம் தாண்டும். தாண்டினால் ஒன்றும் குடிமுழுகாது, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சரி, பெட்ரோலோடு ஒப்பிடலாம். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 (மானியப் பெட்ரோல்) விலை லிட்டர் 1.99 வெள்ளி. மைவி மாதிரி ஒரு கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் உங்கள் 1,500 கிலோமீட்டருக்கு 100 லிட்டர், 199 வெள்ளி. மிச்சம் 75 வெள்ளி. இப்போது ஓட்டுவது எண்ணெய் குடிக்கும் பழைய கார் என்றால் மிச்சம் இன்னும் கூடும். எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், டைமிங் பெல்ட் செலவு இல்லை என்பதையும் சேர்க்கலாம். ஆனாலும் இது பெரிய பணம் இல்லை, மானிய விலையில் எண்ணெய் ஊற்றும் ஊரில் மின்சாரக் கார் உங்களைப் பணக்காரர் ஆக்காது.

இதே 1,500 கிலோமீட்டரை வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டு ஓட்டினால்? அந்த டிசி (நேர் மின்னோட்ட) சார்ஜர்களில் யூனிட் பெரும்பாலும் 1.20 வெள்ளிக்கு மேல்தான், வேகமானவற்றில் ஒன்றரை வெள்ளியையும் தாண்டும். ஒன்றரை என்று வைத்தால் மாதம் 350 வெள்ளி ஆகிவிடும். பெட்ரோலைவிட அதிகம், போதாததற்கு சார்ஜருக்காக ஈப்போ வரை போய் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் சார்ஜ் இல்லையென்றால் வேண்டாம் என்று நான் மேலே சொன்னது இதனால்தான்.

நேரக் கட்டணம் பற்றியும் கேட்பார்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அந்தத் திட்டத்துக்கு மாறலாம். வேலை நாளில் மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை உச்ச நேரம், மற்ற நேரமும் சனி ஞாயிறும் மலிவு. உச்சம் இல்லாத நேரத்தில் எரிசக்திக் கட்டணம் 27.03 சென்னுக்குப் பதில் 24.43 சென். 250 யூனிட்டையும் இரவு 10க்கு மேல் போட்டால்கூட மாதம் 6 வெள்ளி சொச்சம் மிஞ்சும், அதில் கொஞ்சத்தை சாயங்கால ஏர்கோன் திருப்பி எடுத்துக்கொள்ளும். மாறினால் நல்லது, மாறாவிட்டாலும் தூக்கம் கெட வேண்டாம்.

இப்போது வீட்டு ஒயரிங். டிபி பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள் (திறந்து பார்க்க மட்டும், கை வைக்காதீர்கள்). பீங்கான் ஃபியூஸ் வரிசையாக இருந்தால் அந்த வீட்டில் எதற்கும் முதல் வேலை பெட்டியை மாற்றுவதுதான். எம்சிபி (சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச்) இருந்தால் சரி, அடுத்து, கரண்டு கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியைப் பாருங்கள். அதன் மேல் 100 மில்லிஆம்ப், 30 மில்லிஆம்ப் என்று எழுதியிருக்கும். வீடு முழுக்க ஒரே ஒரு 100 மில்லிஆம்ப்தான் காவல் என்றால், காருக்கு அது போதாது. சார்ஜர் லைனுக்குத் தனியாக 30 மில்லிஆம்ப் வேண்டும், அதுவும் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வகை. கார் சார்ஜரிலிருந்து டிசி கசிந்தால் சாதாரண ஆர்சிசிபி மரத்துப்போய்விடும். சார்ஜ் போடாத நேரத்தில் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழும், ஆனால் சார்ஜ் ஏறும்போது யாராவது ஷாக் அடித்து விழும் நேரத்தில் அது விழாமல் நிற்கலாம். நல்ல சுவர் சார்ஜர்களில் 6 மில்லிஆம்ப் டிசியைக் கண்டுபிடிக்கும் அமைப்பு உள்ளேயே இருக்கும், வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

சுவர் சார்ஜர் கட்டாயமா என்றால், உங்களுக்கு இல்லை. இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நாளுக்கு 60 கிலோமீட்டருக்குத் தேவை 9 யூனிட். காரோடு வரும் மூன்று முள் பிளக் கேபிள் 8 அல்லது 10 ஆம்ப் இழுக்கும், ஏறக்குறைய 2 கிலோவாட். இரவு 11 மணிக்குப் போட்டால் விடிகாலை 4 மணிக்கு முடிந்துவிடும். 32 ஆம்ப், 7 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் அதே வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியும், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அதனால் என்ன லாபம்? மேலும் பழைய தாமான் வீட்டுக்கு ஒரு ஃபேஸ், 60 ஆம்ப் போலத்தான் வரும். 32 ஆம்ப் கார், 15 ஆம்ப் வாட்டர் ஹீட்டர், இரண்டு ஏர்கோன், நடுவில் யாராவது இஸ்திரி போட்டால் மெயின் விழும். சுவர் சார்ஜர்தான் வேண்டும் என்றால் அதை 16 ஆம்ப்புக்குக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் பேட்டரி பாதிக்கு மேல் ஏறிவிடும், மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பித்துச் செலவு செய்யவும் வேண்டாம்.

ஆனால் மூன்று முள் பிளக் என்றால் ஹாலில் இருக்கும் டிவி பிளக்கில் சொருகி, ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பது இல்லை. வீட்டு சாக்கெட்டை 13 ஆம்ப் என்று எழுதி விற்றாலும், மணிக்கணக்கில் ஒரே சுமையை இழுக்க அவை செய்யப்பட்டவை அல்ல. கெட்டில் 5 நிமிடம் கொதித்து நிற்கும், கார் 5 மணி நேரம் இழுக்கும். மலிவு சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு சூட்டில் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். கழற்றிப் பார்த்தால் லைவ் முள் துளையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் டீ நிறத்துக்கு மாறியிருக்கும், ஸ்க்ரூ பக்கத்தில் ஒயரின் ரப்பர் சுருங்கி, செம்பு கறுத்திருக்கும், மீன் கருகிய மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்த வீட்டில் அந்த சாக்கெட்டை அன்றே மாற்ற வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

சரியான வழி: டிபி பெட்டியிலிருந்து தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி, தனி ஒயர், போர்ச்சில் மழை படாத மூடி போட்ட சாக்கெட். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடச் சொல்லுங்கள். 2.5 போதும் என்று ஒயர்மேன் சொல்லலாம், அவர் சொல்வதும் கணக்குப்படி சரிதான், ஆனால் விலை வித்தியாசம் சொற்பம், சூடு குறையும். பிறகு 16 ஆம்ப் சார்ஜருக்கு மாற நினைத்தாலும் அதே ஒயர் உதவும். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டுக்கு வீடு எர்த் கம்பி மண்ணில் அடித்திருப்பார்கள், தெனாகா ஒயரோடு எர்த் வராது. முப்பது நாற்பது வருட வீட்டில் அந்தக் கம்பி பெரும்பாலும் போர்ச் சிமெண்டுக்கு அடியில் புதைந்தோ, கிளாம்ப் துருப்பிடித்துக் கழன்றோ கிடக்கும், யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே இருக்கும். மின்சாரக் கார் மட்டும் எர்த்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு சார்ஜ் ஏற்ற மறுக்கும். ஜனங்கள் கார் கெட்டுவிட்டது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போவார்கள். ஒயர்மேனை எர்த் மீட்டரோடு வரச் சொல்லுங்கள், 10 ஓமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. மீட்டர் இல்லாமல் டெஸ்ட் பென்னை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வருபவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவர் பதிவு இல்லாதவர்.

இடியும் நம் ஊருக்கே உரியது. மதியம் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிபி பெட்டியில் சர்ஜ் அரெஸ்டர் (இடியால் திடீரென எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) ஒன்று போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. இடி பலமாக இருந்தால் கேபிளைக் கழற்றுங்கள். வெறும் மழைக்குப் பயப்பட வேண்டாம். காரும் கேபிளும் பேசி முடித்து எல்லாம் சரி என்றால்தான் கரண்டே வரும், காரில் சொருகும் துப்பாக்கி வடிவக் கைப்பிடியின் முனையில் ஈரம் பட்டால் ஷாக் அடிக்காது. நனையக்கூடாதது சுவர்ப் பக்கம் இருக்கும் பிளக்தான்.

அப்பா அம்மா இருக்கும் தோட்ட வீட்டில் சார்ஜ் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். லயத்து வீடுகளுக்குக் கரண்டு நீண்ட லைனில் கடைசியாக வருவது, சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்படி வேலை நடக்கும்போது வோல்டேஜ் தொங்கும். சட்டப்படி 230 வோல்ட் 216க்குக் கீழே இறங்கக்கூடாது, தோட்டத்து லைனில் அது இறங்குவதை ஏர்கோன் இல்லாத வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. மீட்டர் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருந்தால் அனுமதியும் கேட்க வேண்டும், கிராணியிடமிருந்து துரை வரை பேச்சு போகும். சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் சாலையில் போய்வருவதற்கு சார்ஜே தேவையில்லை. அவசரமென்றால், காரில் ஆம்ப் குறைக்கும் வசதி இருந்தால் 6 அல்லது 8 ஆம்ப்பில் பகல் நேரத்தில் போடுங்கள்.

இனி கார். லீஃப் 2019இல் இங்கே வந்தபோது புதுசு விலை 188,888 வெள்ளி, இப்போது அதில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள், ஆசை வருவது நியாயம். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. அதன் பலவீனம் பேட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லை என்பது. காற்றில்தான் ஆறணும், நம் ஊர்க் காற்றோ நடுப்பகலில் 34 டிகிரி. நெடுஞ்சாலையில் அடித்து ஓட்டி, ஃபாஸ்ட் சார்ஜ் போட்டு, மறுபடி ஓட்டி, மறுபடி போட்டால் இரண்டாவது முறை சார்ஜ் நத்தை வேகத்தில்தான் ஏறும். பேட்டரி சூடு தாங்காமல் கார் தானே குறைத்துக்கொள்கிறது. இரண்டாவது, அதன் டிசி வாய் (ஃபாஸ்ட் சார்ஜ் கேபிள் சொருகும் இடம்) ஷாடேமோ என்ற வகை. புதிதாக வைக்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் சிசிஎஸ்2 என்ற வேறு வகை மட்டும்தான், ஷாடேமோ துப்பாக்கி இருக்கும் இடங்கள் அருகி வருகின்றன. வீட்டு சார்ஜுக்கு இது பிரச்சினையே இல்லை, அதற்கு வேறு வாய்.

லீஃபின் பேட்டரியைப் பார்ப்பது சுலபம். மீட்டரில் வலது ஓரம் 12 கோடுகள் இருக்கும், முதல் கோடு போனாலே ஏறக்குறைய 15 விழுக்காடு திறன் போயிருக்கிறது என்று அர்த்தம், அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடும் சுமார் 6 விழுக்காடு. கோட்டை மட்டும் நம்பாதீர்கள், ஓபிடி கருவி (காரில் சொருகி அதன் கணினியைப் படிப்பது) ஒன்று வாங்கி லீஃப்ஸ்பை செயலியில் பாருங்கள். ஆரோக்கிய விழுக்காடு தெரியும், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் வரிசையாகத் தெரியும். பேட்டரியை 20 விழுக்காட்டுக்கு இறக்கிவிட்டுப் பார்ப்பது முக்கியம். நிறைந்திருக்கும்போது எல்லா செல்லும் ஒரே உயரத்தில் நின்று நல்ல பிள்ளையாகத் தெரியும், இறங்கிய பிறகுதான் சோடை போன செல் மட்டும் தனியாகக் கீழே தொங்கும். ஒரு கடையில் நான் கருவியைச் சொருகப் போனபோது, அதைச் சொருகினால் வாரண்டி போய்விடும் என்று தடுத்தார்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் மேலே பேச வேண்டியதில்லை, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

85 விழுக்காடு ஆரோக்கியம் உள்ள லீஃப் உங்கள் 60 கிலோமீட்டருக்குத் தாராளம், ஒரு சார்ஜுக்கு நிஜத்தில் 200 கிலோமீட்டர் கிடைக்கும். 75க்குக் கீழே என்றால் விலை என்ன சொன்னாலும் வேண்டாம். 2019 காரின் 8 வருட பேட்டரி வாரண்டி முடியும் தறுவாயில் இருக்கும், அதை நம்பி வாங்காதீர்கள்.

அட்டோ 3 வேறு ரகம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, சூட்டை நன்றாகத் தாங்கும், தண்ணீர் இல்லாவிட்டாலும் ஏர்கோன் வாயுவைக் கொண்டே பேட்டரியைக் குளிரவைக்கும் அமைப்பு உண்டு, டிசி வாய் சிசிஎஸ்2. இரண்டு அளவில் வந்தது: 49.92, 60.48 கிலோவாட் மணி. விற்பவர் பெரியது என்பார், அப்படியே நம்பாமல் சரிபாருங்கள். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் வாரண்டி, 2023 காருக்கு இன்னும் பல வருடம் மிச்சம். அது உங்கள் பெயருக்குத் தொடருமா, சர்வீஸ் ரெக்கார்டு விட்டுப்போயிருந்தால் செல்லுமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் நேரே சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

இதன் திறனை அளக்க லீஃப் மாதிரி சுலப வழி இல்லை, ஆனால் சார்ஜ்மேன் வழி ஒன்று இருக்கிறது. 20 விழுக்காட்டிலிருந்து 100 வரை ஏசி சார்ஜரில் (சுவர் சார்ஜர் வகை) போட்டு, சார்ஜர் காட்டும் யூனிட்டைப் பாருங்கள். பெரிய பேட்டரி என்றால் 48 யூனிட் உள்ளே போக வேண்டும், வழியில் வீணாவது பத்து விழுக்காடு சேர்த்து 53க்குப் பக்கத்தில் காட்டணும். சின்னது என்றால் 44. இதில் ஏழெட்டு யூனிட் குறைந்தால் கேள்வி கேளுங்கள். எல்எஃப்பி பேட்டரியில் கார் காட்டும் விழுக்காடே சில நேரம் தவறும், ரொம்ப நாள் முழுசாக ஏற்றாமல் ஓட்டியிருந்தால் கணக்கு நழுவிவிடும். அதனால் முதலில் ஒருமுறை 100 வரை ஏற்றி, இறக்கி, அப்புறம் அளக்கணும். வாங்கிய பிறகும் வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள். லீஃபுக்கு இது பொருந்தாது, அதை நாளாந்தம் 80 சுற்றி நிறுத்துவதே நல்லது.

மாமா சொல்லும் நெட்டா வி மலிவுக்குக் காரணம் ஊருக்கே தெரியும், அதன் தாய் நிறுவனம் 2025இல் சீனாவில் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. கார் ஓடும், நன்றாகவே ஓடும். ஒரு பம்பரோ, ஒரு சார்ஜிங் போர்டோ போனால் எங்கே தேடுவீர்கள்? உதிரிக்காக இரண்டாவது காரை உடைத்து வைத்துக்கொள்ளும் மனிதர்களுக்கு அது சரி.

ஆக, நான் என்றால் அட்டோ 3. வீட்டுக்கும் ஈப்போவுக்கும் மட்டும், நீண்ட பயணத்துக்கு வீட்டில் வேறு கார் இருக்கிறது என்றால் நல்ல லீஃப் இன்னும் குறைந்த பணத்தில் அதே வேலையைச் செய்யும். சாலை வரி இரண்டிலும் தலைவலி இல்லை. 2026இலிருந்து மின்சாரக் காருக்கும் சாலை வரி வந்துவிட்டது, ஆனால் 100 கிலோவாட் மோட்டாருக்கு 70 வெள்ளிதான், லீஃப் அதற்குச் சற்று மேலே, அட்டோ 3 இன்னும் கொஞ்சம் மேலே.

எதை வாங்கினாலும் ஹாய்ஸ்டில் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இது தோட்டப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு மிக முக்கியம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது மேலிருந்து ஒரு குலை விழும், இருபது கிலோ எடை, முள்ளோடு. இரவில் அதன் மேல் ஏறினால் பெட்ரோல் காரில் எக்ஸாஸ்ட் நசுங்கும், இதில் அடிப்பது பேட்டரிப் பெட்டி. பிளாஸ்டிக் மூடியில் கீறல் இருந்தால் பரவாயில்லை. மூடி கிழிந்து உள்ளே அலுமினியத்தில் பள்ளம் தெரிந்தால், போல்ட் தலைகள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், குளிரூட்டும் குழாய் பக்கம் புதிய சீலண்ட் பூசியிருந்தால் வேண்டாம். பேட்டரிப் பெட்டியில் பள்ளம் என்றால் வாரண்டிக்காரர்களும் கையை விரிப்பார்கள். வெள்ளத்தில் நின்ற காரா என்று பார்க்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது, சேற்றுக் கோடு அங்கே இருக்கும். சீட் தண்டவாளத்துத் துருவும் காட்டிக்கொடுக்கும்.

பினாங்கு. பட்டர்வொர்த் வரை 130 கிலோமீட்டர் போல, கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி, தைப்பிங்குக்கு முன் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் கொஞ்சம் கூடக் குடிக்கும், இறக்கத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். 110இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்ற கணக்கு 18, 19 ஆகும். பெரிய பேட்டரி அட்டோ 3 போய்ச் சேர்ந்து திரும்பும் வழியில் ஒரு தடவை 20 நிமிடம் நின்றால் போதும். லீஃப் போய்ச் சேரும், திரும்ப அங்கே ஷாடேமோ தேடணும். கேஎல் பக்கம் என்றால் தாப்பா ஓய்விடத்தில் டிசி சார்ஜர்கள் உண்டு. 80 விழுக்காட்டுக்கு மேல் அங்கே காத்திருக்காதீர்கள், கடைசி இருபது மிக மெதுவாக ஏறும், பின்னால் நிற்பவரும் முறைப்பார். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் கிளம்புகிறீர்கள் என்றால் வீட்டிலேயே 100 ஏற்றிக்கொண்டு, ஓய்விடத்தை நம்பாமல், வழியில் இருக்கும் பட்டணத்துக்குள் இறங்கிப் போடுங்கள், அங்கே பெரும்பாலும் காலியாக இருக்கும். சார்ஜர் செயலிகள் இரண்டு மூன்றைக் கிளம்பும் முன்பே போனில் போட்டு, கார்டு எண்ணும் பதிந்து வையுங்கள். மழையில் நின்றுகொண்டு ஓடிபிக்குக் காத்திருப்பது வேடிக்கையான அனுபவம் இல்லை.

கேமரன் மலைக்கு சிம்பாங் பூலாய் வழி ஏறினால் பேட்டரி விழும் வேகம் முதல் தடவை பயமுறுத்தும். மேலே போய் 100 ஏற்றிக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள், நிறைந்த பேட்டரி இறக்கத்துக் கரண்டை வாங்கிக்கொள்ளாது, பிரேக் முழுக்க உங்கள் காலில்தான்.

மின்சாரக் கார் நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெரிய பேட்டரி இல்லை, சின்ன 12 வோல்ட் பேட்டரி. நம் சூட்டில் இரண்டு மூன்று வருடம்தான் வரும், அது செத்தால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது. வாங்கியதும் மாற்றிவிடுங்கள், ஒரு தலைவலி குறையும். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் ஊர் ஃபோர்மேன் (மெக்கானிக்) தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், டயர், பிரேக், அப்சார்பர் வேலைக்கு அவரே போதும். இழுவை லாரி கூப்பிட்டால் முழுக் காரையும் மேலே ஏற்றும் தட்டு லாரியாக வரச் சொல்லுங்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் தானே கரண்டு உண்டாக்கி எதையாவது எரித்துவிடும்.

புக்கிங் பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் மூன்றை எழுதி வாங்குங்கள்: நீங்கள் சொல்லும் சார்ஜரில் 20லிருந்து 100 வரை ஏற்றிப் பார்க்க விடுவார், ஹாய்ஸ்டில் ஏற்றிக் காட்டுவார், காரோடு வந்த மூன்று முள் கேபிளையும் சேர்த்துக் கொடுப்பார். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், தனியாக வாங்கப் போனால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் சொல்வார்கள். ஒயர்மேன் எர்த் எத்தனை ஓம் என்று சொன்னதும் எனக்கும் எழுதுங்கள், பெட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் எந்த சைஸ் எம்சிபி, எங்கே போடணும் என்று சொல்கிறேன்.